லீனியர் ஜெனரேட்டரைக் காந்த சிமுலேஷனில் வடிவமைப்பது: முழுமையான வழிகாட்டி

முன்னும் பின்னும் நேராக ஓடும் காந்தத் தண்டு, அதைச் சுற்றிக் காயில். லீனியர் ஜெனரேட்டர் என்றால் இவ்வளவுதான். பார்க்க எளிதாக இருப்பதால் பலரும் மென்பொருளைத் திறந்த உடனே வரைய ஆரம்பித்துவிடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் வண்ண வண்ணப் படங்கள் நிறைய இருக்கும், ஆனால் இரண்டு வடிவங்களில் எது மேல் என்று சொல்ல ஓர் எண் கூட இருக்காது. பெரும்பாலும் தடுமாற்றம் வருவது வரிசையில்தான். அதனால் எதை எதற்கு முன் செய்ய வேண்டும், ஏன் அப்படி என்பதையே இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முழுவதற்கும் ஒரே உதாரணம். 20 மி.மீ. வெளிவிட்டமும் 15 மி.மீ. நீளமும் உள்ள நியோடிமியம் காந்தங்கள், ஒன்றுக்கொன்று எதிர்த்துத் தள்ளும்படி ஒரு தண்டில் கோத்திருக்கின்றன. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் 5 மி.மீ. இரும்புத் துண்டு. ஆக ஒரு துருவத்திலிருந்து அடுத்த துருவம் வரை 20 மி.மீ. இதைத் துருவ இடைவெளி என்று சொல்வோம்.

1. திறப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் இயக்கம். தண்டு எவ்வளவு தூரம் ஓடும், நொடிக்கு எத்தனை முறை ஓடும், அதைத் தள்ளும் விசை எவ்வளவு? நடுவிலிருந்து இருபுறமும் 20 மி.மீ., நொடிக்கு 5 முறை என்றால் உச்ச வேகம் 2 × 3.14 × 5 × 0.02, அதாவது 0.63 மீ/நொடி. தள்ளும் விசையைப் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை. பின்னால் முழுக் கணக்கையும் கவிழ்ப்பது அதுதான்.

அடுத்து இட வரம்பு: வெளிவிட்டம், நீளம், எவ்வளவு காந்தம் வாங்க முடியும் என்பது. வரம்பு சொல்லாமல் ஆப்டிமைசேஷனை ஓட்டினால், எல்லாவற்றையும் பெரிதாக்கு என்பதுதான் அதன் ஒரே பதிலாக இருக்கும்.

பிறகு, நீங்கள் வாங்கப்போகும் அதே கிரேடு காந்தத்தின் டேட்டாஷீட். அதில் சூட்டில் எடுத்த வளைவுகளும் இருக்க வேண்டும்.

மென்பொருளுக்கு ஃபெம் (FEMM) 4.2 போதும். இலவசம், இரு பரிமாணம், லுவா மொழியிலும் பைதானிலும் இயக்கலாம். உருளை வடிவ ஜெனரேட்டர் அச்சைச் சுற்றி ஒரே மாதிரி இருப்பதால் பாதி குறுக்குவெட்டை வரைந்தாலே முழு இயந்திரமும் கணக்கில் வந்துவிடும். முப்பரிமாணத்தில் தொடங்கினால் ஒவ்வொரு முயற்சிக்கும் நேரம் பல மடங்கு ஆகும், நீங்கள் கற்பதும் அந்த அளவு மெதுவாகும்.

2. கையால் ஒரு கணக்கு

இதைத் தாண்டிப் போகாதீர்கள். சிமுலேஷன் தரும் எண் சரியா என்று கேட்க ஓர் எதிர் எண் வேண்டும்.

காந்தத்தின் முகப்பரப்பு 314 சதுர மி.மீ. தண்டுக்கான துளையை இப்போதைக்கு விட்டுவிடுவோம். காந்தத்துக்குள் புலம் சராசரி 0.7 டெஸ்லா என்று வைத்துக்கொண்டால் ஒரு காந்தத்திலிருந்து வரும் பாயம், அதாவது புலத்தைப் பரப்பால் பெருக்கியது, 0.22 மில்லிவெபர். ஓர் இரும்புத் துண்டுக்குள் இரு பக்கமிருந்தும் பாயம் நுழைகிறது, ஆக 0.44. அது வெளியேறும் பக்கப் பரப்பு 2 × 3.14 × 10 × 5, அதுவும் 314 சதுர மி.மீ.தான். அதனால் இரும்பின் மேற்பரப்பில் 1.4 டெஸ்லா. இரும்பு தாங்கும். இதே துண்டை 3 மி.மீ. ஆக்கினால் 2.3 டெஸ்லா வருகிறது, சாதாரண இரும்பு அதற்கு முன்பே நிறைவுற்றுவிடும். ஒரு நிமிடக் கணக்கில் ஒரு தவறான வடிவம் கழிந்துவிட்டது.

இப்போது 200 சுற்றுக் காயில். காயில் காந்தத்தின் நடுவில் நிற்கும்போது அதனூடே செல்லும் மொத்தப் பாயம், அதாவது பாயத்தைச் சுற்றுகளால் பெருக்கியது, அதிகபட்சம் 0.044 வெபர். தண்டு ஒரு துருவ இடைவெளி நகர்ந்ததும் இது எதிர்க்குறிக்கு மாறும். சைன் அலையாக எடுத்துக்கொண்டால் அதிகபட்ச சரிவு 0.044 × 3.14 ÷ 0.02, அதாவது 6.9. இதன் அலகு மீ/நொடி ஒன்றுக்கு வோல்ட். இதை வேக மாறிலி என்று அழைக்கிறேன், கடைசி வரை இது நம்மோடு வரும். உச்ச வேகத்தில் 4.3 வோல்ட்.

இது மேல்வரம்புதான். கசிவும் காயிலின் தடிமனும் சேர்ந்து இதைக் குறைக்கும். வெளியே இரும்புக் கூடு இல்லாவிட்டால் பாதி வந்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் சிமுலேஷன் 9 வோல்ட் என்றோ 0.1 வோல்ட் என்றோ சொன்னால் எங்கோ பிழை இருக்கிறது.

3. காந்தத்தின் பண்புகளை உள்ளிடுவது

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. டேட்டாஷீட்டில் காந்தநீக்கு விசைக்கு இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, பாயத்தைப் பூஜ்யமாக்கத் தேவையான புலம். மற்றது, காந்தத்தின் உள்ளார்ந்த காந்தத்தன்மையையே அழிக்கத் தேவையான புலம். நேர்கோட்டுக் காந்தமாக வரையறுக்கும்போது மென்பொருள் கேட்பது முதல் எண்ணை. கண்ணில் படுவது பெரும்பாலும் இரண்டாவது, ஏனென்றால் அதுதான் பெரியது.

என்42எஸ்ஹெச் கிரேடை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளார்ந்த மதிப்பு 20 கிலோ ஓர்ஸ்டெட், அதாவது மீட்டருக்கு 15,92,000 ஆம்பியர். இதை அந்தப் பெட்டியில் போட்டு, சார்பு உட்புகுதிறனை 1.05 என்று வைத்தால், மீதக் காந்தப்புலம், அதாவது வெளிப்புலம் இல்லாதபோதும் காந்தத்தில் மிஞ்சும் புலம், 2.1 டெஸ்லா கொண்ட காந்தம் உருவாகிவிடும். அப்படி ஒரு நியோடிமியம் காந்தம் கிடையாது, மிக வலிமையானவை கூட ஏறத்தாழ 1.5 டெஸ்லாதான். மென்பொருள் எச்சரிக்கை எதுவும் தராது. படமும் அழகாகவே வரும்.

சரியான வழி, மீதக் காந்தப்புலத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது. 1.30 டெஸ்லாவை 1.05 ஆலும் வெற்றிடத்தின் உட்புகுதிறனாலும் வகுத்தால் மீட்டருக்கு 9,85,000 ஆம்பியர். அதைப் போடுங்கள்.

இரும்புக்கு நேர்கோட்டு மதிப்பு வேண்டாம். நிறைவுறுவதைக் காட்டும் வளைவு உள்ள பொருளையே தேர்ந்தெடுங்கள். தண்டு காந்தத்தன்மை இல்லாததாக இருக்க வேண்டும். சாதாரண எஃகுத் தண்டு போட்டால் பாயத்தில் ஒரு பகுதி வெளியே வராமல் தண்டுக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடும்.

4. ஒற்றைக் காந்தத்தில் சோதனை

முழு இயந்திரத்தையும் வரைவதற்கு முன், துளையில்லாத ஒரே ஒரு காந்தத்தைக் காற்றில் வைத்துத் தீர்வு காணுங்கள். அச்சின் மேல் இதற்கு நேரடிச் சூத்திரம் இருக்கிறது. 10 மி.மீ. ஆரம், 15 மி.மீ. நீளம், 1.30 டெஸ்லா என்றால் முகத்தின் நடுவில் 0.54 டெஸ்லா, முகத்திலிருந்து 10 மி.மீ. தள்ளி 0.144 டெஸ்லா. உங்கள் விடை இதிலிருந்து ஓரிரு சதவீதத்துக்குள் வர வேண்டும்.

அச்சுச் சமச்சீருக்குப் பதிலாகத் தட்டை வடிவைத் தேர்ந்தது, எல்லையை ஒட்டி வைத்தது போன்ற பிழைகள் இந்தப் பத்து நிமிடச் சோதனையில் பிடிபடும். ஒரு முறை ஒரு நண்பரின் மாடலில் மூன்று நாள் பிழை தேடினோம். கடைசியில் காந்தத்தின் திசை 90 டிகிரிக்குப் பதில் 0 என்று இருந்தது. காந்தம் அச்சின் வழியே இல்லாமல் ஆரத்தின் வழியே காந்தமாக்கப்பட்டிருந்தது. ஒற்றைக் காந்தத்தில் பார்த்திருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும்.

5. முழு வடிவம், எல்லை, மெஷ்

எல்லா அளவுகளையும் மாறிகளாக வைத்து ஸ்கிரிப்ட் மூலம் வரையுங்கள். மவுஸால் வரைந்த மாடலில் ஓர் அளவை மாற்ற அரை மணி நேரம் ஆகும், பிறகு நீங்கள் மாற்றவே மாட்டீர்கள். நகரும் பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே குழு எண் கொடுங்கள். ஒரு கோடோ ஒரு புள்ளியோ குழுவில் விடுபட்டால் தண்டு நகரும்போது வடிவம் கிழியும்.

எல்லைக்கு, பல அடுக்குகள் கொண்ட திறந்த எல்லை அமைக்கும் வசதி ஃபெம்மிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். அப்புறம் எல்லையின் ஆரத்தை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். காயிலின் பாயம் ஒரு சதவீதத்துக்கு மேல் மாறினால் எல்லை மிக அருகில் இருக்கிறது என்று பொருள்.

மெஷ் என்பது கணக்குக்காக வடிவத்தைச் சிறு முக்கோணங்களாகப் பிரிப்பது. அதைத் தானாக விட்டால் தண்டுக்கும் காயிலுக்கும் நடுவிலுள்ள காற்றிடைவெளியில் ஒரே அடுக்கு முக்கோணங்கள்தான் விழும். பாயத்துக்கு அது ஓரளவு தாங்கும், விசைக்குத் தாங்காது. இடைவெளியில் குறைந்தது மூன்று நான்கு அடுக்குகள் வரும்படி அளவை நீங்களே கொடுங்கள். மற்ற இடங்களில் தாராளமாக விடலாம்.

காயில்களை இணைக்கும்போது சுற்றும் திசையில் கவனம் வேண்டும். ஒரு துருவ இடைவெளி தள்ளி இருக்கும் இரண்டு காயில்களைத் தொடராக இணைத்தால் இரண்டாவதன் சுற்று எண்ணிக்கைக்குக் கழித்தல் குறி வேண்டும். இல்லையென்றால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பூஜ்யத்துக்கு அருகில் வரும்.

6. தண்டை நகர்த்திப் பாய வளைவை எடுப்பது

மின்னோட்டம் பூஜ்யம். தண்டை 0.5 மி.மீ. வீதம் நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் காயிலின் மொத்தப் பாயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சுழற்சி 40 மி.மீ., ஆக 80 தீர்வுகள்.

இந்த வளைவின் சரிவுதான் வேக மாறிலி. அடுத்தடுத்த இரண்டு எண்களைக் கழித்து வகுத்தால் மெஷ் மாறுவதால் வரும் சிறு சிறு அதிர்வுகள் பெரிதாகிப் பல் பல்லாகத் தெரியும். அதனால் முதலில் வளைவுக்கு ஒரு ஃபூரியர் தொடரை, அதாவது சைன் அலைகளின் கூட்டலை, பொருத்தி, அதன் சரிவை எடுங்கள். ஐந்தாறு உறுப்புகள் போதும்.

காயில் பக்கம் இரும்பே இல்லையென்றால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. தண்டை நகர்த்தவே வேண்டாம். காயில் காற்றுக்குச் சமம் என்பதால் காந்தத்தின் புலம் அதனால் மாறுவதில்லை. ஒரே ஒரு தீர்வை எடுத்து, காயில் இருக்கக்கூடிய ஒவ்வோர் இடத்திலும் பாயத்தைப் படித்து, காயிலின் குறுக்குப் பரப்பு முழுவதும் சராசரி எடுத்தால் முழு வளைவும் கிடைத்துவிடும். 80 தீர்வுகள் ஒன்றாகச் சுருங்கும். நிலையான பக்கத்தில் பல் வைத்த இரும்பு இருந்தால் இது செல்லாது.

அப்படி இரும்பு இருந்தால், மின்னோட்டம் இல்லாதபோதே தண்டை இழுத்துப் பிடிக்கும் விசையையும் இதே நகர்வில் எடுத்துவைக்க வேண்டும். அதில் பல்லால் வருவதும் உண்டு, இரும்பின் இரண்டு நுனிகளால் வருவதும் உண்டு. நுனியால் வருவதை இரும்பின் மொத்த நீளத்தைச் சற்று மாற்றியே கணிசமாகக் குறைக்கலாம்.

7. மின்சுற்றையும் இயக்கத்தையும் சேர்ப்பது

இதுவரை கிடைத்தது திறந்த சுற்று மின்னழுத்தம். பலர் இங்கேயே நின்று, அதை வைத்து வாட் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். மின்னோட்டம் ஓடத் தொடங்கியதும் தண்டை எதிர்த்து ஒரு விசை பிறக்கும். அந்த விசை, வேக மாறிலியை மின்னோட்டத்தால் பெருக்கினால் வருவது. மின்னழுத்தத்துக்கும் விசைக்கும் ஒரே மாறிலிதான். ஆற்றல் எங்கும் தொலையாது என்பதன் நேர் விளைவு அது. உங்கள் ஸ்கிரிப்டில் இரண்டும் வேறு வேறாக வந்தால் பிழையைத் தேடுங்கள்.

காயில் ரெசிஸ்டன்ஸைக் கையால் கணக்கிடுங்கள். நம் உதாரணத்தில் காயிலின் அகலம் 6.7 மி.மீ., தடிமன் 6 மி.மீ., பரப்பு 40 சதுர மி.மீ. வட்டக் கம்பியை எனாமலோடு சுற்றும்போது பாதி இடமே செம்பு என்று எடுப்பது பாதுகாப்பானது. அப்படியானால் 20 சதுர மி.மீ. செம்பு, 200 சுற்றுக்கு ஒரு கம்பி 0.1 சதுர மி.மீ. சராசரிச் சுற்றின் விட்டம் 29 மி.மீ., மொத்தக் கம்பி 18.2 மீட்டர், ரெசிஸ்டன்ஸ் 3.1 ஓம்.

லோடும் 3.1 ஓம் என்றால், மேல்வரம்புக் கணக்கின்படி உச்ச வேகத்தில் 0.69 ஆம்பியர் ஓடும், லோடுக்கு 1.5 வாட் போகும், தண்டை 4.8 நியூட்டன் எதிர்க்கும். உங்களிடம் தள்ள 3 நியூட்டன்தான் இருக்கிறது என்றால் அந்த 0.63 மீ/நொடி வேகமே வராது. அதனால்தான் விசையை முதலிலேயே கேட்டேன். நிறை, விசை, மின்னோட்டம் மூன்றையும் ஒன்றாக வைத்து நேரத்தில் படிப்படியாகத் தீர்க்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள், முப்பது வரிகளுக்கு மேல் போகாது.

லோடும் காயிலும் சமம் என்பது எப்போதும் சிறந்ததல்ல. அங்கே பாதி ஆற்றல் காயிலில் சூடாகப் போகிறது. லோடைக் காயிலைப் போல மூன்று மடங்கு ஆக்கினால், அதே வேகத்தில் கிடைக்கும் வாட் 75 சதவீதமாகக் குறையும், ஆனால் மொத்த மின்னாற்றலில் லோடுக்குப் போகும் பங்கு 50இலிருந்து 75 சதவீதமாக உயரும். தள்ளும் விசை குறைவாக உள்ள இடங்களில் இதுவே பெரும்பாலும் வெல்லும்.

மின்னோட்டத்தை ஒரே திசையாக்கும் டயோடு பாலத்தை மறக்க வேண்டாம். சாதாரண சிலிக்கான் டயோடுகள் இரண்டில் 1.4 வோல்ட் போய்விடும். 4 வோல்ட் உச்சத்தில் அது பெரிய இழப்பு.

8. எதை ஆப்டிமைஸ் செய்வது

நான் இந்த வழிகாட்டியை எழுதக் காரணமே இந்தப் பகுதி. வோல்ட்டைத் துரத்தாதீர்கள்.

அதே 40 சதுர மி.மீ. இடத்தில் 400 சுற்று போடுங்கள். வேக மாறிலி 13.8 ஆகிறது, வோல்ட் இரட்டிப்பு. கம்பியின் பரப்பு பாதி, நீளம் இரு மடங்கு, ஆகவே ரெசிஸ்டன்ஸ் நான்கு மடங்காகி 12.5 ஓம். சமமான லோடில் எடுக்கக்கூடிய வாட் எவ்வளவு? அதே 1.5. ஜெனரேட்டர் துளியும் மேம்படவில்லை. நன்றாகப் படித்த ஒருவர் சுற்று எண்ணிக்கையையும் மாறியாக வைத்து ஒரு வாரம் தேடல் ஓட்டியதைப் பார்த்திருக்கிறேன். தேடல் ஒவ்வொரு முறையும் அதிகபட்சச் சுற்றில் போய் நின்றது, அவர் அதை முன்னேற்றம் என்று நம்பினார். அந்த வாரம் வீணானதில் எனக்கு இன்றும் வருத்தம்.

வேக மாறிலியை வர்க்கப்படுத்தி, காயில் ரெசிஸ்டன்ஸால் வகுங்கள். 200 சுற்றுக்கும் 15.2, 400 சுற்றுக்கும் 15.2. இந்த எண் சுற்று எண்ணிக்கையைக் கண்டுகொள்ளாது. காந்தம், இரும்பு, செம்பு ஆகியவை எங்கே எவ்வளவு என்பதை மட்டுமே பேசும். இதன் அலகு ஒரு மீ/நொடிக்கு நியூட்டன். காயிலை ஷார்ட் செய்தால் தண்டை எவ்வளவு பலமாகத் தடுக்க முடியும் என்பதே இதன் பொருள். நீங்கள் பெரிதாக்க வேண்டியது இதைத்தான். இதைத் தகுதி எண் என்று அழைக்கிறேன். காந்தத்தின் விலை முக்கியம் என்றால் காந்த எடையால் வகுத்துக்கொள்ளுங்கள். சுற்று எண்ணிக்கையைக் கடைசியில், தேவையான வோல்ட்டைப் பார்த்து முடிவு செய்யலாம்.

இந்த எண்ணை அதிகம் அசைப்பவை இரண்டு. ஒன்று, துருவ இடைவெளிக்கும் காயில் தடிமனுக்கும் உள்ள உறவு. காந்தத்திலிருந்து விலக விலகப் புலம் வேகமாகத் தேயும். தட்டையான இயந்திரத்தில், துருவ இடைவெளியை 3.14ஆல் வகுத்த தூரத்தில் அது 37 சதவீதமாகிவிடும். உருளையிலும் இதை ஒட்டியே வரும். நம் உதாரணத்தில் அந்தத் தூரம் 6.4 மி.மீ. அதற்கு வெளியே சுற்றும் ஒவ்வோர் அடுக்கும் ரெசிஸ்டன்ஸை முழுதாகக் கூட்டும், வோல்ட்டைக் கொஞ்சமாகவே கூட்டும். துருவ இடைவெளியை 8 மி.மீ. ஆக்கிவிட்டு அதே தடிமன் காயிலை வைத்திருப்பவர்களின் செம்பில் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது.

மற்றது காற்றிடைவெளி. தண்டு ஓடும் குழாயின் சுவரும் இதில் சேர்ந்ததே, அதை மாடலில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. உங்களால் உண்மையில் செய்ய முடிந்த இடைவெளியை நிலையாக வைத்துவிட்டு மற்றதைத் தேடுங்கள். தேடலிடம் விட்டால் அது பூஜ்யத்தையே கேட்கும்.

9. தேடலை ஓட்டுவது

ஐந்து மாறிகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு மதிப்புகள் என்றால் 7,776 வடிவங்கள். ஒவ்வொன்றுக்கும் 40 இடங்கள், ஒரு தீர்வுக்கு 5 நொடி என்றால் 18 நாள். யாரும் அப்படி ஓட்ட வேண்டியதில்லை. முதலில் ஒவ்வொரு மாறியையும் தனித்தனியாக அசைத்து, தகுதி எண்ணை அசைக்காதவற்றைத் தூக்கிவிடுங்கள். பொதுவாக இரண்டு அல்லது மூன்றுதான் மிஞ்சும். தேடும்போது உச்சச் சரிவை ஒட்டிய மூன்று இடங்கள் போதும். கடைசியில் தேறும் நாலைந்து வடிவங்களுக்கு மட்டும் முழு வளைவை எடுங்கள்.

ஒரு சதவீதத்துக்குக் கீழான வித்தியாசத்தை நம்ப வேண்டாம், அது மெஷ்ஷின் சத்தம். உச்சம் தட்டையாக இருந்தால் அதில் எளிதாகச் செய்யக்கூடிய அளவைத் தேர்ந்தெடுங்கள்.

10. மாடல் காட்டாதவை

சூடு. காந்தமும் காயிலும் 20இலிருந்து 80 டிகிரிக்குப் போனால் நியோடிமியத்தின் மீதக் காந்தப்புலம் ஏறத்தாழ 7 சதவீதம் இறங்கும், செம்பின் ரெசிஸ்டன்ஸ் 23 சதவீதம் ஏறும். மேலே சொன்ன தகுதி எண்ணில் 30 சதவீதம் போய்விடும். எனவே முடிவு எண்களைச் சூட்டு மதிப்புகளோடு ஒரு முறை ஓட்டியே எழுதுங்கள்.

காந்தம் வலுவிழப்பது. எதிரெதிராகத் தள்ளும் காந்தங்களின் விளிம்புகளில் புலம் மிகவும் இறங்கும். காயில் ஷார்ட் ஆனபோது ஓடும் மின்னோட்டத்தைக் கொடுத்து, காந்தத்துக்குள் எங்காவது அந்தச் சூட்டுக்கான வளைவின் முழங்காலுக்கு, அதாவது வளைவு சட்டென்று மடங்கும் இடத்துக்கு, கீழே போகிறதா என்று பாருங்கள்.

வெளியே இரும்புக் கூடு இருந்தால் இன்னும் இரண்டு. ஒன்று, அச்சுச் சமச்சீர் மாடலில் தண்டு எப்போதும் சரியாக நடுவில் இருக்கும். நிஜத்தில் சிறிது விலகினாலும் கூடு அதை அந்தப் பக்கமே இழுக்கும், பேரிங் அதைத் தாங்க வேண்டும். இரண்டு, நிலைக்காந்தத் தீர்வு, மாறும் புலத்தால் இரும்புக்குள்ளேயே சுற்றி ஓடும் சுழல் மின்னோட்டத்தைக் காட்டாது. கூடு திட இரும்பாக இருந்தால் அது தனி இழப்பு.

11. முதல் மாதிரியை அளப்பது

முழு இயந்திரம் வேண்டாம். மூன்று காந்தம், ஒரு காயில் போதும். ஆசிலாஸ்கோப்பில் இணைத்துத் தண்டைக் கையால் இழுங்கள். கை ஒரே வேகத்தில் இழுக்காதே என்று கவலைப்பட வேண்டாம். மின்னழுத்தத்தை நேரத்தோடு தொகையிட்டால் கிடைப்பது மொத்தப் பாயத்தின் மாற்றம். வேகம் அதில் வருவதே இல்லை. மெதுவாக இழுத்தாலும் வேகமாக இழுத்தாலும் அதே எண்தான்.

அந்த எண்ணைச் சிமுலேஷன் வளைவின் உச்சிக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். கையால் போட்ட மேல்வரம்பில் அது 0.088 வோல்ட்-நொடி. அளந்தது சிமுலேஷனை விட ஐந்து சதவீதம் குறைவு என்றால் காந்தத்தின் கிரேடும் அளவுப் பிசகுமே காரணமாக இருக்கலாம். இருபது சதவீதம் குறைவு என்றால் முதலில் சுற்றுகளை எண்ணுங்கள், பிறகு காயிலின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள், அப்புறம் ஒரு காந்தத்தைத் தனியாக எடுத்து முகத்தின் நடுவில் காந்தப்புலத்தை அளக்கும் காஸ்மீட்டரை வையுங்கள். துளையுள்ள காந்தம் என்றால் மாடலிலும் துளையோடு அதே புள்ளியைப் படித்து ஒப்பிட வேண்டும்.